ரேடியோவின் வாய் நோன்பு

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு, நடுவில் ஒரு திரை மட்டும். யார் வீட்டில் சண்டை, யார் மகளுக்கு வரன் தட்டிப்போனது, எல்லாம் அடுப்படியில் நின்றபடியே எனக்குத் தெரிந்துவிடும். கெட்ட மனுஷன் இல்லை. காதில் விழுந்ததை வெளியே விடும்வரை அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

அந்த வாய்தான் என் தம்பியின் கல்யாணத்தைக் கெடுத்தது. நிச்சயம் ஆன சமயத்தில் அவனுக்கு வேலை போய்விட்டது. முடிவெட்ட உட்கார்ந்தவன், "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டுதான் சொன்னான். சாயங்காலத்துக்குள் செய்தி பெண் வீட்டுக்குப் போய்விட்டது. கல்யாணம் நின்றது. அதோடு தம்பி எங்கள் வாசலை மிதிக்கவில்லை, வேறு வேலை கிடைத்த பிறகும்கூட. எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். கிறிஸ்துமஸுக்கு அவனுக்கென்று எடுக்கும் சட்டை பீரோவிலேயே கிடந்தது.

இந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, "பாலன் இயேசு வர்றதுக்கு முன்னாடி வீட்டைச் சுத்தம் பண்றீங்க, மனசுல இருந்து எதைத் தூக்கி வெளிய போடப் போறீங்க?" என்று பூசையில் சாமியார் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் இவர், "கிறிஸ்துமஸ் வரைக்கும் அடுத்தவங்களப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றார்.

"அதுக்குக் கடையையே மூடிடலாம்" என்றேன்.

ஆனால் மனுஷன் பிடிவாதமாக நின்றார். கடையில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான். முதலில் "தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டவர்கள், பிறகு "வீட்ல சண்டையா?" என்று திரைப்பக்கம் பார்த்தார்கள். என் பேர் கெட்டதுதான் மிச்சம்.

மூன்றாவது வாரம் ஒரு புது ஆள் சவரத்துக்கு வந்தார். தன் அண்ணன் மகளுக்கு என் தம்பியைப் பார்ப்பதாகச் சொல்லி, "பையன் எப்படிங்க?" என்று விசாரித்தார். நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். இருந்திருந்தால் திரையைக் கிழித்துக்கொண்டு வந்திருப்பேன்.

"மத்தவங்களப் பத்திப் பேசறதில்லைங்க" என்றாராம் இவர்.

சொந்த அக்கா புருஷனே வாயைத் திறக்கவில்லை என்றால் கேட்டவருக்கு என்ன தோன்றும்? பையனிடம் ஏதோ கோளாறு என்றுதானே!

சாயங்காலம் தம்பியிடமிருந்து போன். நான் ஏங்கிக் கிடந்த குரல். "அக்கா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. அன்னைக்கு வாயைத் திறந்து கெடுத்தாரு, இன்னைக்கு மூடிக் கெடுத்துட்டாரு." வைத்துவிட்டான்.

நான் போட்ட சத்தத்துக்கு அக்கம்பக்கம் ஜன்னல் திறந்தது. இவர் தட்டைத் தள்ளி வைத்தார். "வாயை மூடினா போதும்னு நினைச்சேன். அவன்கிட்ட ஒரு தடவைகூட மன்னிப்புக் கேக்கலையே" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. பண்டிகைக் கூட்டம் வாசலில் நிற்க, இவர் ஷட்டரை இறக்கிவிட்டு, அந்தப் புது ஆளின் அண்ணன் வீட்டை விசாரித்துக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே போனேன். இந்த மனுஷனைத் தனியாக அனுப்ப எனக்கென்ன பைத்தியமா?

"முன்னாடி அவனுக்கு நிச்சயமான கல்யாணத்தை நிறுத்தினது நான்தாங்க" என்று ஆரம்பித்தார். "நம்பி ஒரு விஷயம் சொன்னான், ஊரெல்லாம் பரப்பிட்டேன். என்னால கெட்டுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் அவன் வெளிய ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல. பையன் எப்படின்னு கேட்டீங்களே, அப்படிப்பட்ட பையங்க."

"பேசிச் சொல்றோம்" என்றார்கள்.

அங்கிருந்து நேராகத் தம்பி தனியாகத் தங்கியிருந்த அறைக்குப் போனோம். அவன் வாசலிலேயே நின்று இவர் சொன்னதையெல்லாம் கேட்டான். "சரி மாமா" என்றான். உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் மாமா என்றானே! எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முதல்நாள், கடை நிறைய ஆள். திடீரென்று பேச்சு நின்றது. திரையை விலக்கிப் பார்த்தேன். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இவர் துணியை அவன் கழுத்தில் கட்டாமலே கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

"மாமா, அவங்க வீட்ல சரின்னுட்டாங்க" என்றான் தம்பி. "வெளிய யாருக்கும் இன்னும் தெரியாது. நீங்களே எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

இவர் வாசல்வரை போனார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை, அழுகைதான் வந்தது.

கடைசியில் தெருவுக்கெல்லாம் கேட்கும்படி நான்தான் சொன்னேன்.