சாக்குக்குள் இருந்த சிலிண்டர்

நாடெங்கும் கேஸ் தட்டுப்பாடாக இருந்த காலம். ரத்தோட்டை டவுனில் ஜனங்கள் வெறும் சிலிண்டரோடு வெயிலில் வரிசை நின்றார்கள். மேலே தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில், எப்போதும் போல விறகுதான். இந்தப் பக்கத்து மழைக்கு விறகு எங்கே காயும்? என் கணவரின் அண்ணன் மனைவி அடுத்த வீட்டில் இருந்தாள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஈர விறகை ஊதி ஊதியே இருமல்காரியாகிப் போயிருந்தாள்.

அப்போதுதான் மாத்தளையிலிருந்து ஒரு திட்டத்து அதிகாரிகள் வந்தார்கள். மாட்டுச் சாணத்திலும் சமையல் கழிவிலும் கேஸ் எடுக்கலாம், லயம் முழுக்க அடுப்பு எரியும் என்றார்கள். நம்பினோம். வேலை விட்டு வந்த களைப்போடு குழி வெட்டினோம், கல் சுமந்தோம். தொட்டி எழும்பியது.

திறப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி, மாலை, பெரிய மனிதர்கள். குழாயோடு இணைத்த அடுப்பை ஒருவர் பற்ற வைத்தார். கேத்தலில் தண்ணீர் கொதித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்தத் தொட்டிக்குள் அதுவரை ஒரு கூடைச் சாணம்கூட விழவில்லை. அது எனக்குத் தெரியும், மாடு என்னுடையது.

குழாய் போன வழியைப் பிடித்துக்கொண்டே விழாக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். ஒரு சாக்கு மூட்டை. சாக்கை இழுத்தேன். உள்ளே கேஸ் சிலிண்டர்.

"ஐயா, இது என்னாங்க?" என்று அங்கே நின்ற அதிகாரியைக் கேட்டேன்.

"சத்தம் போடாதீங்கம்மா. போட்டோவுக்கு மட்டுந்தான். அப்பறமா ஆள் வந்து எல்லாம் செஞ்சு தருவாங்க."

"எல்லாரும் இங்க வந்து பாருங்க!" என்று கத்தினேன். ஒலிபெருக்கி என்னைவிடச் சத்தமாகப் பாடியது. சாயங்காலம் அந்தச் சிலிண்டரையும், மிஞ்சிய சோற்றுப் பார்சல்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை.

நானும் அக்காவும் பஸ் ஏறி மாத்தளையில் அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனோம். அதே அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"அந்த வேல முடிஞ்சிருச்சே. நெருப்பு எரியிற போட்டோவே இருக்கு."

"அந்தப் போட்டோவுல சோறு பொங்குமாங்க?" மேசையில் ஓங்கி அடித்தேன். பக்கத்து அறைக்காரர்களுக்கும் புரியட்டும் என்று அதையே சிங்களத்தில் மறுபடி கேட்டேன். அவர் ஃபைலை மூடிவிட்டு எழுந்து போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா இருமலுக்கு நடுவே சொன்னாள்: "நாமளே சாணியைக் கரைச்சு ஊத்திப் பாத்தா என்னா?"

ஊற்றினோம். வாளி வாளியாகச் சாணக் கரைசல், மரக்கறித் தோல், பழைய சோறு. டவுனில் குழாய்க் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்போம், மேலே வந்து பார்த்தார். குழாய்ப் பொருத்துகளில் சவர்க்கார நுரை தடவினார். கசிந்து குமிழி வந்த பொருத்துகளை மாற்றிக் கொடுத்தார்.

"மொதல்ல வார காத்து எரியாது. வெளிய விட்டுட்டு, பொறுமையா இரிங்க தங்கச்சி," என்றார்.

வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஒரு நாள் அக்கா தீக்குச்சியை நீட்டினாள். நீலமாகப் பற்றியது. அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு சுலபமான காரியத்தைச் செய்து தராமலா எங்களை முட்டாள்களாக்கினார்கள்? இன்றைக்கும் அந்தக் கேஸ் எங்கள் இரண்டு வீட்டு அடுப்புக்குத்தான் காணும். மற்ற வீடுகளில் இன்னும் புகைதான்.

எங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ் டிவிசனிலும் அதே ஆட்கள் ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். அந்த லயத்தில் மாடே கிடையாது. கட்டும் முன் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. மழைத் தண்ணீர் நிறைந்து, கொசு மொய்த்துக் கிடந்தது. போன மாதம் அங்கிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள்.

"சமையல் கழிவ மட்டும் போட்டா எரியுமா அக்கா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"எரியும். ஆனா தொடங்கறதுக்குச் சாணி வேணும். மொதல்ல தண்ணிய எறைங்க, நான் கொண்டாறேன்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த அதிகாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கீழ் டிவிசனுக்குச் சாணம் அள்ளினேன்.