செம்புள்ளி வைத்த காசுகள்

என் பெரியப்பாவுக்குத் தொழிற்சாலையில் செம்புள்ளி என்று பெயர். எதிரில் யாரும் சொல்ல மாட்டார்கள். தலை மறைந்ததும் சொல்வார்கள். பம்புக்குள் போகும் வெண்கல உதிரிகளை அளந்து பார்ப்பது அவர் வேலை. அளவு பிசகினால் சிவப்புப் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி. புள்ளி விழுந்த உதிரி நேராக உலைக்குப் போகும். பேரம் கிடையாது, சிபாரிசு கிடையாது. முதலாளியின் மச்சான் லேத்தில் கடைந்ததற்கே புள்ளி வைத்த மனுஷன் என்று பெரியம்மா பாதிப் பெருமையும் பாதிச் சலிப்புமாகச் சொல்வார்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். படிப்பு முடியும்வரை பெரியப்பா வீட்டு மாடி அறையில்தான் இருந்தேன். கட்டிலுக்கு எதிரே அவருடைய காசு அலமாரி. உள்ளே மங்கோலியர் சீனாவை ஆண்ட காலத்து வெண்கலக் காசுகள், நடுவில் சதுர ஓட்டையோடு. அந்த அரசர்கள் காகிதப் பணத்தைத்தான் பெரிதும் நம்பினார்கள். வெண்கலக் காசு குறைவாகவே வார்த்தார்கள். அதனாலேயே பெரியப்பாவுக்கு அதன்மேல் கிறுக்கு. மற்றவற்றைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. அதில் சீன எழுத்துக்குப் பதில் மங்கோலிய அரசின் கட்டம் கட்டமான எழுத்து. யாரையும் தொடவிடாத அந்தக் காசை, நான் பட்டம் வாங்கி வந்த அன்று என் உள்ளங்கையில் வைத்தார்.

அந்த அலமாரியில் கால்வாசி என் அப்பா கொண்டுவந்தது. அப்பா ஊரில் பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறவர். அக்காளையும் தங்கையையும் கட்டிய சகலைகள் என்பதைத் தவிர அவருக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக இருந்தது இந்தக் காசு ஒன்றுதான். துறைமுகத்திலிருந்து வரும் பித்தளை மூட்டைகளைப் பிரிக்கும்போது ஓட்டைக் காசு தட்டுப்பட்டால், கடைக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வருவார். இருவரும் லென்ஸும் கையுமாக மாடியில் உட்கார்ந்துவிட்டால், சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெரியம்மாவுக்குத் தொண்டை வற்றிப் போகும். வருவதில் முக்கால்வாசி வேறு காலத்தது, இல்லையென்றால் போலி. அதற்காக அவர்கள் முகம் வாடி நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே இறங்கி வருவார்கள்.

ஒரு விடுமுறை நாளில் தொழிற்சாலை நண்பர்கள் அலமாரியைப் பார்க்க வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அப்பா வந்து சேர்ந்தார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேஜையில் கொட்டினார். ஐந்தாறு காசுகள். எல்லாமே பொடிசு, மெல்லிசு. ஓட்டை கோணல், எழுத்து பாதி மழுங்கல். அப்பா முகத்தில் மட்டும் வெளிச்சம்.

"சகலை, நீங்க காட்டின அதே ராசா பேரு. எழுத்தை ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்துட்டேன்."

பெரியப்பா உதிரிகளை அளக்கும் காலிப்பரை எடுத்தார். பார்க்க ஆள் இருந்ததாலோ என்னவோ, ஒவ்வொன்றையும் அதன் வாயில் கவ்வவைத்து அளவை உரக்கப் படித்தார். எதுவும் அளவுக்கு எட்டவில்லை. "ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லையே சகலை" என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, வரிசையாகப் புள்ளி வைத்தார். நண்பர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருக்கு உற்சாகம் இன்னும் ஒரு படி ஏறியது.

"இதைக் கொண்டுபோய் உங்க தராசுல போடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மதிப்பு அதுதானே."

எல்லோரோடும் சேர்ந்து அப்பாவும் சிரித்தார். காசுகளைப் பழையபடி முடிந்துகொண்டார். சாப்பிடச் சொன்னதற்கு, பஸ் போய்விடும் என்று கிளம்பினார்.

அதன்பின்னும் நல்லது கெட்டதுக்கு அப்பா வராமல் இல்லை. ஆனால் மாடிப்படி மிதிக்கவில்லை. காசு ஏதாவது அகப்பட்டதா என்று பெரியப்பா கேட்டால், இப்பல்லாம் எங்க சகலை வருது என்பார். பெரியப்பாவும் அதை நம்பினார், அல்லது நம்புவது வசதியாக இருந்தது.

பெரியப்பா ஓய்வுபெற்ற வருஷம் ஒரு காசுக் கண்காட்சிக்கு என்னைத் துணைக்கு அழைத்துப் போனார். காசு விற்க வந்திருந்த ஒரு அம்மாவின் மேஜையில், பிளாஸ்டிக் உறைக்குள் தனித்தனியாக, அதே பொடிக் காசுகள். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா, கழிச்சுக்கட்டின சரக்குக்கெல்லாம் சட்டை மாட்டி வச்சிருக்கீங்க?"

அந்த அம்மா கோபப்படவில்லை. மங்கோலியர் காலத்தில் புத்த மடங்களே வார்த்த காசு இது, புத்தர் சிலை முன்னால் காணிக்கை வைப்பதற்கு என்றார். கடைவீதிக்குப் போகாத காசு, அதனால் அளவை யாரும் பார்க்கவில்லை, கிடைத்த வெண்கலத்தைக் கிடைத்த அளவில் ஊற்றினார்கள். பெரியப்பா லென்ஸ் கேட்டு வாங்கிப் பார்த்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எல்லாமே இப்படி ஏறுக்குமாறாத்தான் இருக்குமா?"

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இருந்தாத்தான் அய்யா எனக்குச் சந்தேகம் வரும்."

திரும்பும் வழியில் பெரியப்பா பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். உங்கப்பா அதையெல்லாம் உருக்கத்தான் போட்டிருப்பார் என்று, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். இல்லை என்றேன். எங்கள் வீட்டு இரும்புக் கேட் அப்பா கழிவுத் துண்டுகளை வைத்துத் தானே செய்தது. அதன் கீல்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குச் சதுரக் கழுத்து. பெரியப்பா புள்ளி வைத்த சதுர ஓட்டைக் காசுகள் அதில் வாஷராக உட்கார்ந்திருந்தன. விடுமுறைக்குப் போன ஒவ்வொரு தடவையும் நான் திறந்து மூடிய கேட்தான்.

மறுநாளே ஊருக்குப் போனோம். அப்பா வாசலுக்கு வந்து "வாங்க சகலை" என்றார். பெரியப்பா நேராகக் கேட்டின் முன்னால் குனிந்தார். காசுகள் மழையில் பச்சை பூத்திருந்தன. புள்ளிகள் மங்கியிருந்தாலும் போகவில்லை. குனிந்தபடியே கண்காட்சியில் அந்த அம்மா சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தார். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியா? நல்ல வெண்கலம்தான். இத்தனை வருஷத்துல ஒண்ணும் ஆகல."

"அன்னைக்கு நான்..." என்று தொடங்கிய பெரியப்பா விரல் நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"விடுங்க சகலை, போகாது. வீட்டுக்கு வந்ததும் நானே மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ச்சுப் பாத்துட்டேன்."

பெரியப்பா கையை எடுத்துவிட்டார். கழற்றித் தரட்டுமா என்று அப்பா கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். காபி குடித்துக் கிளம்பும்போதுதான், ஒரு நாள் மாடிக்கு வாங்க, அலமாரி அப்படியேதான் இருக்கு என்றார்.

"எங்க சகலை, முழங்கால் வலி. படி ஏற முடியல" என்றார் அப்பா.

அன்று காலைதான் லாரிமேல் ஏறி நின்று பழைய இரும்பு மூட்டை இறக்கியிருந்தார். சட்டையில் அந்தத் துரு இன்னும் இருந்தது.