எட்டாம் நம்பரின் கரணம்

கைலாஷைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. நாங்கள் ஒரே தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம், ஒரே டீமில் ஃபுட்பால் ஆடுகிறோம். நான் கோல்கீப்பர், அவன் மிட்ஃபீல்டர். நடு மைதானத்தில் நின்று பந்தை வாங்கி, யாரும் நினைக்காத பக்கம் தட்டிவிடுவான். சங்கரன்கோவிலில் அவனைப்போல் பாஸ் கொடுக்க ஆள் கிடையாது. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அவனுடைய கரணத்தைத்தான் சொல்வார்கள்.

பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸில் மாவட்டம் வரை போனவன். அந்த வித்தையை இங்கே கொண்டுவந்துவிட்டான். பந்து ஓரக் கோட்டைத் தாண்டினால் மற்றவர்கள் நின்று எறிவார்கள். இவன் பந்தைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து, அதைத் தரையில் ஊன்றி, அதன்மேலேயே கரணம் அடித்து, கால் ஊன்றிய வேகத்தில் வீசுவான். பந்து கோல் வாசலில் போய் விழும். விதிப்படி அது சரிதான். ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸில் கீழே மெத்தை இருக்கும். எங்கள் மைதானத்தில் கரிசல் மண் காய்ந்து கல்லாகக் கிடக்கும்.

மைக் பிடித்தவர் "இதோ நம்ம கைலாஷ்" என்றதும் விசில் பறக்கும். அதனால் எந்தப் பக்கம் பந்து வெளியே போனாலும் எறிவது அவன்தான் என்று வழக்கமாகிவிட்டது. அவன் கரணத்துக்காகவே பந்தை எதிராளி காலில் அடித்து வெளியே அனுப்பும் அறிவாளிகளும் எங்கள் டீமில் உண்டு.

போன வருடம் ஒருமுறை கரணம் அடிக்கும்போது தலை தரையில் இடித்தது. அதிலிருந்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. நான்தான் பைக்கில் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டர், கழுத்தில் சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். கொஞ்ச நாள் கழித்து ஆடலாம், ஆனால் கரணம் கூடவே கூடாது, இன்னொரு அடி பட்டால் கை கால் வராமலே போகலாம் என்றார். அவன் மனைவி வித்யாலட்சுமி அன்றைக்கே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம் நடந்த போட்டியில்தான் அந்தச் சத்தியம் போனது. சென்னையில் ஒரு கிளப்புக்கு மிட்ஃபீல்டர் வேண்டுமென்று ஆள் எடுக்க ஒருவர் வருவதாகச் செய்தி. கைலாஷுக்கு வயது இருபத்தைந்து. இதை விட்டால் கடைசிவரை தறிதான்.

"அந்த சார் என் வீடியோவப் பாத்துட்டுத்தான் வாராராம். எல்லாரும் சொல்லுதாங்க," என்றான், ஷூ மாட்டிக்கொண்டே.

"எந்த வீடியோ?"

"கரணம்தான். வேற எத எடுத்திருக்கானுவ?"

"ஏலே, மிட்ஃபீல்டுக்கு ஆள் எடுக்க வாரவரு உன் காலப் பாப்பாரா, நீ தலகீழா நிக்கதப் பாப்பாரா? சும்மா நின்னு எறி."

"இன்னைக்கு மட்டும்லே. செலக்ட் ஆயிட்டா அப்புறம் எதுக்கு அடிக்கப் போறேன்?"

கரிவலம் டீமோடு ஆட்டம். முதல் பந்து வெளியே போனதுமே மைக் அவன் பெயரைச் சொல்லிவிட்டது. மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற வித்யாலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் கரணம் அடித்தான். அப்புறம் நம் அறிவாளிகள் சும்மா இருப்பார்களா? வலது ஓரம், இடது ஓரம் என்று அவனை ஓடவிட்டார்கள். கோலில் நின்ற எனக்கு நடு மைதானம் காலியாகக் கிடப்பது தெரிந்தது. பின்வரிசையில் ஆடும் பெத்துராஜுக்கும் தெரிந்திருக்கிறது. அவன் முன்னேறி வந்து அந்த இடத்தில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுத்தான். அதைப் பார்த்து ஒருத்தரும் விசில் அடிக்கவில்லை.

கைலாஷ் எறிந்த பந்தில் ஒரு கோல் விழுந்தது, ஜெயித்தோம். ஆனால் கடைசிக் கரணத்தில் தோள் தரையில் மோதியது. எழுந்து எறிந்த பந்து கையிலிருந்து நழுவிப் பக்கத்திலேயே விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் அந்த சார் பெத்துராஜைக் கூப்பிட்டுப் பேசினார். கைலாஷ் அவனாகவே போய் எதிரில் நின்றான்.

"சார், நான் எட்டாம் நம்பர்."

"தெரியும் தம்பி. பாஸ் பிரமாதமா கொடுப்பார்னு உங்க பேரைச் சொல்லித்தான் என்னை இங்க அனுப்பினாங்க. நானும் நடுவுல உங்களைத் தேடிக்கிட்டே இருந்தேன். நீங்க முக்கால்வாசி நேரம் கோட்டுக்கு வெளியதான் இருந்தீங்க."

அவர் தன்மையாகத்தான் சொன்னார். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி உடைக்க வேண்டும்போல் இருந்தது.

பெத்துராஜ் தயங்கித் தயங்கி வந்தான். "எண்ணே, தப்பா நெனைக்காதீங்க."

"போலே, நல்லா ஆடுன," என்று கைலாஷ் கையை நீட்டினான். பெத்துராஜ் அதை இறுகப் பிடித்தான். பிடித்தவன் முகம் மாறிப்போய் என்னைப் பார்த்தான். கைலாஷின் விரல்கள் மடங்கவில்லை.

வித்யாலட்சுமி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். செலக்ட் ஆனானா இல்லையா என்று அவள் கேட்கவே இல்லை. அந்தக் கையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"மடக்குங்க," என்றாள்.

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மடக்குங்களேன்," என்றாள் மறுபடியும்.