'குழி' போய்ச் சேராத ஹெல்மெட்

1. ஒண்டு, ரெண்டு, மூண்டு

மொன்றியலில் ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட உள்ள மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் நான் சேர்ந்து இரண்டாவது கிழமை. எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவள் என்பதால் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ ஹெட்செட் பூட்டும் வேலை முழுக்க என்னிடம் வந்தது. எனக்கும் அதுதான் விருப்பம்.

சனிக்கிழமை கடை திறந்த கையோடு றெஜினா அக்கா இரண்டு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பின்னால் அவருடைய கணவர் சேவியர் அண்ணை. போன கிழமை நான் பூட்டிக் கொடுத்த சோடி.

"பிள்ளை, இது வேலை செய்யேல்லை. இவர் தன்ரை பைக்கிலை முன்னுக்குப் போறார், நான் என்ரையிலை பின்னுக்கு. குழி வந்தா இவர் சொல்லோணும். ஒண்டும் கேக்கேல்லை. நேற்று விழப் பாத்தன்."

"நான் சொன்னனான்," என்றார் அண்ணை.

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஆசைப்பட்டு பைக் லைசன்ஸ் எடுத்தவர் அக்கா. இதுதான் அவர் ஓடும் முதல் வசந்தம். பனி கரைந்த பிறகு மொன்றியல் ரோட்டு முழுக்கக் குழியாகக் கிடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"இண்டைக்குச் சரிவராட்டி பைக்கை வித்துப்போட்டு மெற்றோவிலை போறன்," என்றார். குரலில் கோபம் இல்லை. முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

முதலாளி எட்டிப் பார்த்து, "வேற செட் குடுத்து அனுப்பு," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார். வேறு செட்டிலும் இதே பிழை வந்தால் அந்த பைக் விற்பனைக்குப் போய்விடும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேரே இருந்தது. மைக் உதட்டோரத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. சனலும் கோட் நம்பரும் இரண்டிலும் ஒன்றுதான். ஹெல்மெட்டைப் போடச் சொல்லி, கடைக்குள் ஆளுக்கொரு மூலையில் நிற்பாட்டினேன்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு," என்றார் அண்ணை.

"ஓம், வடிவாக் கேக்குது," என்றார் அக்கா.

பிறகு ரோட்டில் மட்டும் என்ன வந்தது?

2. பின்னால் போனேன்

மூன்றாவது ரேடியோவை என் ஹெல்மெட்டில் பூட்டிக்கொண்டு, கடை ஸ்கூட்டரில் அவர்களுக்குப் பின்னால் போனேன். ரேடியோக்கள் வோக்ஸ் மோடில் இருந்தன. அதாவது பட்டன் அமத்தத் தேவையில்லை, குரல் பட்டதும் மைக் தானாகத் திறக்கும்.

அக்காவின் குரல் வந்தது. "...ருங்கோ, லைட் சிவப்பாகுது." கொஞ்சத் தூரத்தில், "...ருங்கோ, அந்த பஸ் வெளிக்கிடுது." எல்லாம் விளங்கியது.

முன்னால் அண்ணை பைக்கை வெட்டி எடுத்தார். என் காதில் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த கணம் அக்காவின் முன்சில்லு குழிக்குள் இறங்கியது. விழாமல் பிடித்துவிட்டார்.

டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றின் வாசலில் நிறுத்தினோம். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"அண்ணை, என்ன சொன்னனீங்கள்?"

"குழி எண்டனான்."

"அவ்வளவுதானோ?"

"குழிக்கு வேற என்ன சொல்லுறது, பிள்ளை?"

அப்போதுதான் விளங்கியது. வோக்ஸ் திறக்கக் கண்சிமிட்டும் நேரம் வேண்டும். அதற்குள் வரும் சத்தம் போய்ச் சேராது. கடைக்குள்ளும் 'ஒண்டு' போகவில்லை. 'ரெண்டு, மூண்டு' கேட்டதும் மிச்சத்தை நாங்களே நிரப்பிக்கொண்டோம். அக்கா எதைச் சொன்னாலும் 'இஞ்சாருங்கோ' என்றுதான் தொடங்குவார். அந்தச் சொல் மைக்கைத் திறந்துவிட, விசயம் முழுதாகப் போகும். அண்ணையிடம் இருந்ததே ஒரு சொல். அது மைக்கைத் திறக்கவே செலவாகிவிட்டது.

வோக்ஸின் உணர்திறனைக் கூட்டிப் பார்த்தேன். காற்றுக்கே மைக் திறந்து இரைந்தது. பட்டனுக்கு மாற்றலாம் என்றேன்.

"குழியைக் கண்டா நான் பிறேக்கைப் பிடிக்கிறதோ, உன்ரை பட்டனை அமத்துறதோ?" என்றார் அண்ணை. நியாயம்.

3. கூப்பிட்டுச் சொல்வது

"அப்ப அண்ணை, முதல் அக்காவைக் கூப்பிடுங்கோ. பேந்து குழியைச் சொல்லுங்கோ."

அண்ணை ரோட்டைப் பார்த்தார். அக்கா ஹெல்மெட்டுக்குள் சிரித்தது என் ஸ்பீக்கரில் கேட்டது.

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து இவர் என்னைக் கூப்பிட்டதில்லை, பிள்ளை. குசினி வாசல்லை வந்து நிண்டு 'தேத்தண்ணி' எண்டுவார்."

"என்னெண்டு கூப்பிடுறது?" என்றார் அண்ணை.

"எனக்கு ஒரு பேர் வைச்சிருக்கினம்."

அதே ரோட்டில் திரும்பப் போனோம். முதல் குழிக்கு அவர் வாய் திறக்கவில்லை. நல்லவேளை, அது அக்காவின் பாதையில் இல்லை. இரண்டாவதற்கு வந்தது: "...ஜினா, குழி. வலப்பக்கம்."

அக்கா பைக்கை இடப்பக்கம் சாய்த்து, குழியைத் தொடாமல் போனார். அடுத்ததையும் அப்படியே தாண்டினார். கடைக்குத் திரும்பும் சந்தி வந்தபோது அவர் குரல் கேட்டது.

"...ருங்கோ, திரும்பாதேங்கோ. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ மட்டும் போய்ப் பாப்பம்."

மொன்றியல் தீவின் மேற்கு நுனி அது. நான் மட்டும் கடைக்குத் திரும்பினேன். ரேடியோ எட்டும் தூரம் வரைக்கும் '...ஜினா, ...ஜினா' என்று கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஹெட்செட் பூட்டியபின் யாரையும் 'ஒண்டு, ரெண்டு' என்று எண்ண விடாதீர்கள். ரோட்டில் எந்தச் சொல் போய்ச் சேரவேண்டுமோ அதையே சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவரை முதலில் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். கணவன்மார் சிலருக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். நான் காத்திருப்பேன்.