லேனி இடது பக்கம் போகாத காரணம்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு வேன் ஓட்டுவதும், வியர்வை ஜெர்சிகளைத் துவைப்பதும் பத்தொன்பது வருடமாக என் வேலை. ஆட்டத்தைப் பற்றி யாரும் என்னிடம் கருத்துக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் என்ன, கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த இண்டியானாவில் பிறந்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

லேனி ஹாக்ஸ்டெட்லர் எங்கள் கார்டு. பந்தைக் கொண்டுபோய், யார் போடுவது என்று முடிவு செய்கிறவள். இரண்டாம் ஆண்டு மாணவி, மாட்டுப் பண்ணைக்காரர் மகள். பந்தோடு ஓடினால் ஒருத்தி கையிலும் சிக்கமாட்டாள். ஆனால் வலது பக்கம் மட்டும்தான் போவாள். இடது பக்கம் காலியாகத் திறந்து கிடந்தாலும், வளையத்துக்கு இரண்டடி முன்னால் சட்டென்று நின்று, பந்தை யாரிடமாவது தள்ளிவிடுவாள். ஜனவரிக்குள் வட்டாரத்து அணிகளுக்கெல்லாம் இது தெரிந்துவிட்டது.

"இடிபடப் பயப்படுறா," என்றார் கோச் ப்ரூபேக்கர். வாய்க்கு வந்தபடி திட்டுகிற பெண்மணி. பொய் மட்டும் சொல்லமாட்டார். பிப்ரவரியில் லேனியைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொன்னார்: "இன்னும் நாலு ஆட்டம் இருக்கு. அதுக்குள்ள வளையம் வரைக்கும் போய்ப் போடக் கத்துக்கலைன்னா, அடுத்த வருஷம் மார்லோதான் கார்டு."

முதலாண்டுக்காரி மார்லோ அங்கேயேதான் நின்றிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வெளியூர் ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் லேனி வீட்டில் மொத்த அணிக்கும் சாப்பாடு. எங்கள் பக்கத்துப் பண்ணை வழக்கப்படி உருளைக்கிழங்கு மசியல்மேல் நூடுல்ஸ் ஊற்றி, வயிறு புடைக்கப் போட்டார்கள். சாப்பிட்டதும் அவள் அப்பா ஆர்லன், "வாங்க, இவ ஆடிப் பழகின எடத்தக் காட்டுறேன்," என்று மாட்டுக் கொட்டகைக்கு மேலே, கூடம்போல விரிந்திருந்த வைக்கோல் பரணுக்கு ஏற்றிவிட்டார்.

பலகைத் தரை தேய்ந்து பளபளத்தது. சுவரில் வளையம். அதற்குக் கொஞ்சம் இடது பக்கத்தில், தரையில் ஒரு பெரிய ஓட்டை. கீழே மாடுகள் நின்றன.

"இத மூடவே இல்லியா?" என்று கேட்டேன்.

"மூடிட்டா மாட்டுக்கு எப்படி வைக்கோல் தள்றது?" என்றார் ஆர்லன். "ஏழு வயசுல ஒரு தடவ விழுந்தா. நல்லவேள, கீழ பசு நின்னுச்சு."

"பசுவுக்கு அது நல்லவேளையா தோணல," என்றாள் லேனி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கோச் சிரிக்கவில்லை. ஓட்டையைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், லேனியைப் பார்த்தார். அவர் முகத்தில் அசடு வழிந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"இத்தன வருஷம் இந்தக் குழிக்குப் பயந்து ஆடியிருக்க. ஏண்டி சொல்லல?"

"எனக்கே தெரியாது கோச். கால் தானா நின்னுடுது."

காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கெடு தள்ளிப்போகவில்லை. மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கே பயிற்சி: இடது பக்கம் ஓடு, இடது கையால் போடு. கையில் மெத்தைப் பலகையைக் கொடுத்து என்னை வளையத்தடியில் நிறுத்தி, அவள் துள்ளும்போதெல்லாம் இடிக்கச் சொன்னார் கோச். முதல் நாலைந்து நாள், "மன்னிச்சுக்குங்க வெர்ன்," என்று ஒவ்வொரு இடிக்கும் என்னிடம் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு, முழு வேகத்தில் மோத ஆரம்பித்தாள். என் விலா எலும்புக்கு அது நன்றாகவே தெரியும்.

அடுத்த இரண்டு ஆட்டங்களில் மூன்று முறை இடது பக்கம் போனாள். அதில் ஒன்றுதான் வளையத்துக்குள் விழுந்தது.

கடைசி ஆட்டம் எங்கள் அரங்கில். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம், ஏழு வினாடி மிச்சம். தடுக்க வந்தவள் வலது பக்கத்தை அடைத்து நின்றாள். லேனி இடது பக்கம் பாய்ந்தாள். வளையத்தடிவரை போய்விட்டாள்! எதிரணியின் நெட்டைகள் இரண்டு பேரும் அவள்மேல் வந்து விழுந்தார்கள். வலது மூலையில் மார்லோ தன்னந்தனியாக நின்றாள். காற்றில் இருந்தபடியே, அவர்கள் கைகளுக்கு அடியில் பந்தை மார்லோவிடம் அனுப்பினாள் லேனி. மார்லோ போட்ட பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. மணி அடித்துவிட்டது; ஒரு புள்ளியில் தோற்றோம்.

"பாத்தியா, மறுபடியும் பயந்துட்டா!" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"உன் கண்ணு பாப்கார்ன்லயா இருந்துச்சு?" என்று கத்தினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுக்குத் துணிக் கூடையோடு நடைவழிக்குப் போனேன். மார்லோ தரையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லேனி.

"நீயே போட்டிருக்கலாமே! என்னால உன் எடமும் போச்சு," என்றாள் மார்லோ.

"ரெண்டு பேரும் எம்மேல வந்துட்டாங்க. நீ தனியா நின்ன. நாளைக்கு இதே மாதிரி நின்னாலும் உனக்குத்தான் போடுவேன்."

கோச் பின்னால் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"மார்லோ, மூக்கச் சிந்து," என்றார் கோச். "இவ வளையம் வரைக்கும் போனா, யார் தனியா நிக்கிறான்னும் பாத்தா. அடுத்த வருஷமும் இவதான் கார்டு. நீ அந்த மூலையில நின்னு தினம் எரநூறு பந்து போட்டுப் பழகு."

அதுவரை கண் கலங்காத லேனி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.