விழுந்தால் சொல்லும் பெல்ட்

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று வீட்டில் யாருமே இல்லை. அம்மா தன் தங்கையைப் பார்க்கப் போயிருந்தாள். அக்கா குடோனில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள், தான் வேலை பார்த்த மருத்துவக் கருவிகள் பழுதுபார்க்கும் கம்பெனியில், ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் இசிஜி மெஷினைப் பிரித்து மேஜையெல்லாம் பரப்பி வைத்திருந்தாள். அப்பாவின் போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. காலையில் விழுந்தவரை மாலையில் வேலை முடிந்து வந்த அக்காதான் கதவை உடைத்துத் தூக்கினாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"யாருக்கும் கேக்கலம்மா," என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். சின்னவளுக்கு அதுதான் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளுக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்துவிட்டது என்று பிற்பாடு ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். அப்படியெல்லாம் இல்லை. சில வாரம் கழித்து, பஸ்ஸில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். போனைச் சாய்த்ததும் படமும் கூடவே சாய்ந்து திரும்பியது. தான் சாய்ந்திருப்பது ஒரு போனுக்கே தெரியும்போது, ஒரு மனுஷன் சாய்ந்து விழுந்தது மட்டும் ஏன் ஒருத்தருக்கும் தெரியாமல் போக வேண்டும்? இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, அடுத்ததில் இறங்கி, நடந்துகொண்டே தாடிக்குப் போன் செய்தாள்.

தாடி அவளோடு கல்லூரியில் படித்தவன். கணினியில் புரோகிராம் எழுதுவதில் புலி. தாடியை எடுத்து வருஷக்கணக்காகியும் பெயர் மட்டும் போகவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலையை விட்டார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்ல வேலைய விட்டுட்டு பெல்ட்டு விக்கப் போறியா?"

"விழுந்தா சொல்ற பெல்ட்டும்மா."

"விழாம இருக்கற மாதிரி ஏதாவது கண்டுபிடியேன்!"

டயர் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. எந்நேரமும் ரப்பர் வாடை. கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடினால் தரை அதிரும். மேஜைமேல் சும்மா கிடக்கும் பெல்ட், தான் நடந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதைத் திருத்துவதற்குள் தாடிக்குப் பாதி தலைமுடி கொட்டிவிட்டது.

பெரிய சிக்கல் வேறு. விழுவது எப்படியிருக்கும் என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுக்க, யாராவது விழ வேண்டும். பலமுறை, பலவிதமாக. வயசானவர்களைத் தள்ளிவிட முடியுமா? அக்கா முன்வந்தாள். வாட்டசாட்டமான உடம்பு, பயமென்றால் என்னவென்று தெரியாது. லீவு நாளில் வந்து, பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தரையில் விரித்த மெத்தைமேல் விழுவாள்.

"இன்னிக்கு எப்படி? மயக்கம் போட்டா, வழுக்கியா?"

"ரெண்டும்க்கா. அப்புறம் நாற்காலின்னு நெனச்சு கீழ உக்காந்துடணும்."

அக்கா கண்ணைச் செருகி, கையை விரித்து, வெட்டிய மரமாய்ச் சரிவாள். தாடி கைதட்டுவான். ஒருமுறை டயர் கடைக்காரர் மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார். "யாரைப் போட்டு அடிக்கிறீங்க?" என்றவரிடம், மெத்தையில் கிடந்தபடியே அக்கா, "என்னைத்தான். நீங்களும் வாங்க, ஆள் பத்தல," என்றாள்.

விழுந்தால் மட்டும் போதாது. நடப்பது, குனிவது, சுமை தூக்குவது, சாய்வது, உட்காருவது என்று விழாததையும் மெஷின் தெரிந்துகொள்ள வேண்டும். அதையும் அக்காவே செய்தாள். பெல்ட்டிலிருந்து வந்து திரையில் ஓடும் கோடுகளை மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து, அவள் நடை சின்னவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வலது காலை ஊன்றும்போது ஓர் அழுத்தம், இடது காலை எடுக்கும்போது ஒரு சின்ன இழுப்பு.

பெல்ட் வேலை செய்தது. தனியாக இருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை மாடிப்படியில் உருண்டு விழுந்தபோது, வெளிநாட்டிலிருந்த மகளின் போன் அலறி, பக்கத்து வீட்டார் ஓடிப்போய்த் தூக்கினார்கள். அந்த மகள் போனில் அழுத அழுகையைக் கேட்டுச் சின்னவளும் அழுதாள். பத்திரிகையில் படம் வந்தது. பரிசு என்று ஒரு கண்ணாடிக் கோப்பை வந்தது. கம்பெனிக்கு முதல் போட ஒருவர் வந்தார். வெந்நீர் தவிர எதுவும் குடிக்காத, குரலை உயர்த்தியே பேசாத மனிதர். டயர் கடை மாடியிலிருந்து கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீசுக்கு மாறினார்கள். இளம் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

வயசானவர்களுக்கு அவர்கள் பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுத்தார்கள்; பெற்றவர்கள்தான் பெல்ட்டைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றார்கள். மாட்டுக்கு மணி கட்டுவதுபோல இருக்கிறது என்றார் ஒருவர். பாதி பெல்ட்டுகள் பீரோவில் தூங்கின. அவ்வளவு ஏன், சொந்த அப்பாவே கதவு ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

"போட்டுக்கப்பா."

"விழப் போறேன்னு தெரிஞ்சா போட்டுக்கறேன்."

முதல் போட்டவர் ஒருநாள் வெந்நீரை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "இந்தப் பெல்ட்டை வேணாம்னு சொல்ல முடியாதவங்க யாராவது இருக்காங்களா?"

"வேலை செய்யறவங்க," என்றான் தாடி.

சின்னவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. குடோன்களில் தப்பாகக் குனிந்து சுமை தூக்கி முதுகு போனவர்கள் எத்தனை பேர்! அக்காவே தைலம் தேய்க்காமல் படுப்பதில்லை. தப்பாகக் குனிந்தால் பெல்ட் கீச்சென்று எச்சரிக்கும். நல்ல காரியம்தானே. மும்முரமாக இறங்கினாள். பெரிய கம்பெனி ஒன்று தன் குடோன்களுக்கு வாங்கிக்கொள்ள முன்வந்தது. அக்கா வேலை பார்த்த கம்பெனியேதான்.

கொஞ்ச நாளில் அவர்கள் வேறொன்று கேட்டார்கள். குனிவது தெரிகிறது, நடப்பது தெரிகிறது, அப்படியானால் சும்மா நிற்பதும் தெரியுமே?

"இது எதுக்குடா?" என்றாள் சின்னவள்.

"கேக்கறாங்க. நாம கொடுக்கலன்னா வேற எவனாவது கொடுப்பான்," என்றான் தாடி. ஒரே வாரத்தில் எழுதியும் முடித்துவிட்டான். திரையில் அதற்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டபோது, 'சும்மா நிற்பது' என்று போட அவளுக்கு மனசு வரவில்லை. 'ஓய்வு நேரம்' என்று போடச் சொன்னாள். காதுக்கு இதமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அக்கா பூரித்துப்போய் வந்தாள். "உன் பெல்ட்டை எங்க குடோனுக்கும் கொடுத்துட்டாங்க! எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், என் தங்கச்சி செஞ்சதுன்னு. சூப்பர்வைசர்கூட வாயைப் பொளந்துட்டாரு."

பெல்ட்டுகள் எப்படி உழைக்கின்றன என்று விளக்கச் சொல்லி அந்தக் கம்பெனியின் தலைமை ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. சின்னவளும் தாடியும் போனார்கள். நீள மேஜை, ஆறிப்போன டீ, சுவரில் பெரிய திரை. திரையில் தொழிலாளிகளின் பெயர் இல்லை, எண்கள்தான். பெரிய அதிகாரி ஒரு வரிசையில் பேனாவால் சுட்டினார்.

"இந்த ஆளுக்கு ஓய்வு நேரம் ஜாஸ்தியா காட்டுது. இதை நம்பலாமா? இல்ல உங்க மெஷின் ஏதாவது உளறுதா?"

உளறுதா என்ற வார்த்தை சின்னவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து திரைப்பக்கம் போனாள். அந்த எண்ணைத் தொட்டதும் கோடுகள் விரிந்தன.

"உளறல சார். பாருங்க, இங்க சுமை தூக்கறாங்க. இது நடை. இங்க இறக்கி வெக்கறாங்க. அப்புறம் நிக்கறாங்க. வெறுமனே நிக்கறதுன்னா கோடு இப்படி இருக்காது. சாஞ்சிருக்காங்க. சுவர் மேலயோ ரேக் மேலயோ."

"அடேயப்பா! அது வரைக்கும் தெரியுமா?"

"தெரியும் சார்," என்று சிரித்து, அடுத்த துண்டைப் பெரிதாக்கினாள். வலது காலில் ஓர் அழுத்தம். இடது காலில் ஒரு சின்ன இழுப்பு. மறுபடி வலது.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

"அப்ப ஒவ்வொரு நடைக்கும் அப்புறம் போய்ச் சாஞ்சுக்கறாங்க?" என்றார் அதிகாரி.

மெஷின் சில சமயம் தவறும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். தாடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா சார்," என்றாள். "சாஞ்சுக்கறாங்க."

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, "அது எங்கக்கா," என்றாள்.

ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொத்தானைத் தாடி இன்னொரு தரம் அழுத்தினான். "வெறும் நம்பர்தானே இருந்துச்சு?"

"நடை அக்காவோடது."

லிஃப்ட் கதவு திறந்ததும் அவன் முதலில் ஏறிக்கொண்டான்.

அன்று மத்தியானமே அக்காவுக்குப் போன் செய்தாள். சாயாதே என்று சொல்வதா? ஏன் என்று கேட்டால்? "முதுகு எப்படிக்கா இருக்கு?" என்றாள். "இருக்கு, அது எங்க ஓடிப் போகுது?" என்று அக்கா சிரித்தாள். அதோடு போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அக்காவோடு சேர்த்து இன்னும் சில பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சின்னவள் வீட்டுக்குப் போனபோது, அக்கா அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சூப்பர்வைசர் கிண்டலா சொன்னாரு. உங்க தங்கச்சியே நேர்ல வந்து சொல்லிட்டாங்களாமே, மெஷின் தப்பு பண்ணாதுன்னு."

"அக்கா..."

"நான்னு உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாதியில தெரிஞ்சுது."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "சரி. மீதிப் பாதி?"

அடுத்த அறையில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். அக்கா கத்தவில்லை, அழவில்லை. நறுக்கிய காயை அள்ளிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, "உனக்குத் தெரியாதா, நான் சும்மா நிக்கற ஆளான்னு?" என்றாள். பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.

மறுநாளே சின்னவள் அந்த ஓய்வு நேரக் கணக்கை எடுத்துவிட வேண்டும் என்று ஆபீசில் நின்றாள். தாடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். இப்போது கம்பெனி பிழைப்பதே அந்தக் கணக்கால்தான். முதல் போட்டவர் முழுதும் கேட்டுவிட்டு, மிருதுவாகச் சொன்னார்: "ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கங்களேன்." சொன்னதில் இருந்த வேடிக்கை அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் என்றது ஒரேயடியாக ஆயிற்று. அவள் நாற்காலியில் தாடி உட்கார்ந்தான். கம்பெனியின் இணையதளத்தில் மட்டும் 'எங்கள் கதை' என்ற இடத்தில் அப்பா குளியலறையில் விழுந்த கதை அப்படியே இருந்தது. ஒரு மகளின் கண்ணீரில் பிறந்த கருவி என்று எழுதியிருந்தார்கள்.

சின்னவள் பழைய கம்பெனிக்கே போனாள். அவளிடம் தொழில் பழகியவன் இப்போது அவளுக்கு மேலாளர். மரியாதையாகத்தான் நடத்தினான். அவன் மரியாதையைச் சகித்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. அக்கா, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் சேர்ந்தாள். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். "மாத்திரை கொடுத்தாச்சா", "கேஸ் தீர்ந்துடுச்சு" என்பதற்குமேல் பேச்சு வளரவில்லை. ஒரு மழைக்காலத்தில் அப்பா படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா பெரிய மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சின்னவள் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் வெகுநாள் கழித்து, ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா. தானாக அக்கா கூப்பிட்டு எவ்வளவோ காலமாயிற்று.

"சலவைக்கூடத்துக்கு வர முடியுமா? கேட் பக்கம் நிக்கறேன்."

அடித்துப் பிடித்துக்கொண்டு போனாள். சோப்பு நுரை கலந்த தண்ணீர் வாசல் ஓடையில் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவும் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும் மதிலோரமாக நின்றிருந்தார்கள். மூவர் இடுப்பிலும் பெல்ட்.

"நேத்து கொடுத்தாங்க. உங்களோடதா?"

சின்னவள் குனிந்து திருப்பிப் பார்த்தாள். "இல்லக்கா. வேற யாரோ. ஆனா அதேதான்."

அக்கா ஒரு நிமிஷம் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படி நின்னா இதுக்குத் தெரியாது?"

சின்னவள் கேட் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பையைத் தரையில் வைத்துவிட்டு மதில்மேல் சாய்ந்து காட்டினாள். "சாயலாம். ஆனா அசையாம இருக்கக் கூடாது. இந்தக் கால்லேர்ந்து அந்தக் காலுக்கு மாத்திக்கிட்டே இருக்கணும். இடுப்பு லேசா ஆடணும். நடக்கறதா நெனச்சுக்கும்."

அக்கா செய்து பார்த்தாள். மற்ற இரண்டு பெண்களும் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். மூவரும் மதிலில் முதுகை வைத்துக்கொண்டு ஆடியபடி நின்றார்கள்.

"இப்படி ஆடிக்கிட்டே நின்னா முதுகு வலி எப்படிம்மா ஆறும்?" என்றாள் அவர்களில் மூத்தவள்.

"ஆறாதுங்க."

"கொஞ்சம் உக்காந்தா?" என்றாள் அக்கா.

"உக்காந்தா தெரிஞ்சுடும்க்கா."

அக்கா தலையை ஆட்டினாள். உள்ளே பெல் அடித்தது. மூவரும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கேட்டுக்குள் கால் வைத்த அக்கா திரும்பி, "நாளைக்கும் வா. இன்னும் நாலஞ்சு பேர் கத்துக்கணும்ங்கறாங்க," என்றாள்.

"வரேன்க்கா," என்றாள் சின்னவள். அக்கா அதற்குள் உள்ளே போயிருந்தாள்.