ஹீட்டர் பொத்தானின் பச்சை வெளிச்சம்

"காரு வாங்கிட்ட சரி, கூட ஏற யாரும்மா இருக்கா?" என்று மாமா ஒருமுறை கேட்டார். இன்று காலை ஹட்டனில் என் வாடகை அறை வாசலில், அந்தப் பழைய காரின் டேஷ்போர்டைக் கழற்றி, ஹீட்டர் பொத்தான்களுக்குப் பின்னால் எரியாமல் போன பல்புகளை நானே மாற்றினேன். பச்சை வெளிச்சம் வந்தது. அதைச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

விடுதிப் பள்ளிக்குப் புறப்பட்ட காலையில், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் முன்சீட்டில் உட்கார்ந்து, அதன் டேஷ்போர்டில் இதே பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டீசலும் ஈரக் கொழுந்தும் மணத்தன. கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு அம்மா பனியில் நின்றார்.

"அழுவுறதுன்னா அழுவு பாப்பா. நான் ரோட்டத்தான பாக்குறேன்," என்றார் டிரைவர்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போகிறவள் நான். அழவில்லை. வளைவு தாண்டும்வரை அந்த வெளிச்சத்தையே பார்த்தேன்.

தீபாவளிக்குப் பிறகு அம்மாவைப் போய்ப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் லிந்துலையைத் தாண்டி, அம்மாவின் தோட்டத்துக்குப் போகும் டயகம ரோட்டில் ஏறியிருந்தேன்.